பாக்கெட் பிரிக்காத ரப்பரும் பர்லியாறு இறக்கமும்

போன வாரம் குன்னூர் மலைப்பாதையில், பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில், மண்திட்டில் மூக்கை இடித்துக்கொண்டு நின்ற ஜீப் ஒன்றைக் கட்டி இழுத்து வந்தோம். 1944 மாடல் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ., இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ஜீப். ஓட்டி வந்த தம்பிக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் பள்ளம்.

"பிரேக் ஐட்டம் எல்லாமே ஒரிஜினல்ணே. பாக்கெட்டே பிரிக்காம இருந்துச்சு" என்றார்.

இந்த வருஷம் இந்த வசனத்தைக் கேட்பது மூன்றாவது தடவை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாக்கெட் பிரிக்கவில்லை என்றால் யாரும் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். புதுசு என்று அர்த்தமில்லை. வீட்டில் பழைய ரேஷன் கார்டுகளைக் கட்டிவைத்த ரப்பர் பேண்டை எடுத்துப் பாருங்கள். அதை யார் பயன்படுத்தினார்கள்? தொட்டதும் துண்டு துண்டாக உதிர்கிறதா இல்லையா? ஓடினால்தான் தேய்வேன் என்பது இரும்பு. ரப்பர் சும்மா கிடந்தாலே செத்துப்போகும். மெழுகுக் காகிதத்தில் சுற்றி, பார்ட் நம்பர் போட்டு, எண்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தாலும் சாகும். அந்தத் தம்பியின் வண்டியில், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரைப் பிரித்து, உள்ளே பிரேக் ஆயில் கசியாமல் அடைத்து நிற்கும் ரப்பர் கப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தினேன். சுண்டைக்காய் வற்றல் மாதிரி நொறுங்கியது. நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன் உள்ள வண்டி அது. ஒரு கப்பு போனால் பெடல் தரையைத் தொடும். ஹேண்ட் பிரேக்கை நம்பலாமே என்பார்கள். அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிற சமாசாரம், நிறுத்திவைக்கத்தான். மலை இறக்கத்தில் அது ஒரு பிரார்த்தனை.

நானும் அசல் பாகப் பைத்தியம்தான், தப்பாக நினைக்காதீர்கள். 1941-லிருந்து 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த 'ப' மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டுக்காரன் போல்ட்டுத் தலையில்கூட 'எஃப்' எழுத்து பொறித்திருப்பான். சேறு துடைக்கும்போது அந்த எழுத்து தெரிந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். அந்தப் போல்ட்டை வையுங்கள், கும்பிடுங்கள். சிலிண்டரின் வெளி வார்ப்பையும் வையுங்கள். உள்ளே துளையைக் கடைந்து ஸ்லீவ் (உள்குழாய்) போட்டு, இந்த வருஷம் செய்த கப்பு போடுங்கள். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. டயருக்கும் இதே பேச்சுதான்.

பிரேக் ஆயிலையும் வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். நம்மூர்ப் பனியிலும் மழையிலும் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். குன்னூரிலிருந்து இறங்கும்போது டிரம் சூடானால் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அப்போதும் பெடல் தரையில்தான். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் அழகுக்கு நட்டவை அல்ல.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கெஞ்சியே சொல்கிறேன். யுத்தகால ரிம் இரண்டு துண்டு. எட்டு நட்டு அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். நடுவில் உள்ள ஐந்துதான் சக்கரத்தை ஹப்பில் பிடித்திருப்பவை. பஞ்சர் கடைப் பையனுக்கு அது தெரியாது. என் கண்முன்னாலேயே ஒருவன் முழுக் காற்றோடு வெளிவட்ட நட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே எழுந்து நின்றது. காற்று இருக்கும்போது அந்த எட்டைக் கழற்றினால் ரிம் முகத்தில்தான் வரும். முதலில் வால்வ் பின்னை எடுங்கள், காற்று முழுவதும் போகட்டும், பிறகு கை வையுங்கள். இடதுபக்க வீல் நட்டுகள் எதிர்மரை, மற்றதற்கு எதிராகச் சுற்றித்தான் கழற்ற வேண்டும் என்பதையும் பையனிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நட்டு ஏறும் ஸ்டட்டை முறித்துவிடுவான்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றி ஏர் அடித்துத் தூசி ஊதாதீர்கள். ஈரத்துணி, முகமூடி. என் குருநாதர் நாற்பது வருஷம் ஊதியே சுத்தம் செய்தவர். அவருடைய இருமல் இன்னும் காதில் இருக்கிறது.

வயரிங்: அசல் ஆறு வோல்ட். அதே விளக்குக்கு பன்னிரண்டு வோல்ட் வண்டியைவிட இரட்டிப்புக் கரண்ட் ஓடும். இப்போதைய காரின் மெல்லிய வயரை இழுத்துவிட்டு "சூடாகுதுண்ணே" என்று வராதீர்கள். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது.

தம்பியின் ஜீப் இப்போது என் ஷெட்டில் ஜாக்கி மேல் நிற்கிறது. சிலிண்டர்கள் லேத்துக்குப் போயிருக்கின்றன. நேற்று வந்த தம்பி பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெயிண்ட் எப்போது என்றார். ஆலிவ் பச்சைதான் வேண்டுமாம், பானெட்டில் வெள்ளை நட்சத்திரமும். ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் அந்தப் பச்சை கூடாது என்று மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. அதுவும் இவர் வீடு வெலிங்டனில், ராணுவ கேட்டைத் தாண்டித்தான் தினமும் போகவேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு வாங்க தம்பி என்று அனுப்பியிருக்கிறேன்.