நீராகாரத்தில் உப்பு எதற்கு?

"நடவு நாட்களில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் களைப்பு போவதில்லை. உப்புப் போட்ட நீராகாரம் குடித்தால் தெளிகிறது. இது வெறும் நம்பிக்கையா?" என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை அம்மா, குடல் செல்களின் சவ்வில் நடக்கும் வேலை அது.

வியர்வையில் நீரோடு சோடியமும் போய்விடுகிறது. இரத்தத்தில் அது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தம் நீர்த்துவிடக்கூடும். அதைத் தடுக்கச் சிறுநீரகம் உபரி நீரை வெளியேற்றிவிடும். இதுவரை பள்ளிப் பாடம்தான்.

செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குதான். தலைஞாயிறு பக்கத்துத் தாழ்ந்த வயலில் ஐப்பசி மழைநீர் நுழைந்துகொண்டே இருக்கும். இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் பயிர் பிழைக்கும். செல்லின் பாடும் அதுதான். அதன் சவ்விலுள்ள பம்பு, செல்லுக்கு எரிபொருள் போன்ற ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடிய அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசிய அயனிகளை உள்ளே இழுக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

குடல் செல்லில் இந்தப் பம்பு இரத்தத்தை ஒட்டிய பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அது இறைக்க இறைக்க, உணவுப் பக்கத்திலிருந்து சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது. அங்கே எஸ்ஜிஎல்டி1 என்றொரு கடத்திப் புரதம் இருக்கிறது. சோடியம் தனியாக வந்தால் அது ஏற்றுக்கொள்ளாது; 2 சோடியத்தோடு 1 குளுக்கோஸும் சேர்ந்தால்தான் உள்ளே விடும். இரண்டும் நுழைந்து இரத்தத்துக்குப் போக, தண்ணீர் தானாகப் பின்தொடர்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது! நீராகாரத்தில் கரைந்திருக்கும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகிறது, சோடியத்துக்கு நீங்கள் போடும் உப்பு இருக்கிறது.

காலராவிலும் இந்தக் கடத்தி கெடுவதில்லை. 1971இல் வங்காள அகதி முகாமில் இரத்தக் குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு இருபது, முப்பது என்றிருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது.

அந்தப் பம்பை டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது நண்டுக் கால் நரம்பை. நோபல் பரிசு வர 40 ஆண்டுகள் ஆயின. 'உடனடிப் பயன் என்ன?' என்று கேட்டு நிதியை மறுப்பவர்கள் இந்த நண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், 'பல் முளைக்கிறது, அதனால்தான் பேதி. தண்ணீர் கொடுத்தால் அதிகமாகும்' என்று குழந்தையின் வாயைக் காயவிடுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பேதியாகும் குழந்தைக்குத் தேவை ஓஆர்எஸ், அதாவது உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடியைக் கரைத்த நீர். லிட்டர் பொட்டலத்தை முழு லிட்டர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். நீரைக் குறைத்தால் கரைசல் அடர்ந்து, உடம்பிலிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும்.