தினமும் ஒன்பது கேன்

வீட்டு வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்பதை வரிசையாக வைத்துப் பாருங்கள். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ரத்தத்திலிருந்து வடித்து இறக்கும் நீர் அவ்வளவு. ஏறக்குறைய 180 லிட்டர். அதில் சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

'சிறுநீரகம் ரத்தத்தில் உள்ள கழிவை வடிகட்டுகிறது' என்று பள்ளியில் ஒரே வரியில் படித்து முடித்தோம். வரியில் தப்பில்லை. அது மனதில் உண்டாக்கும் படம்தான் தப்பு. டீ வடிகட்டியில் சக்கை தங்குவதுபோலக் கழிவு எங்கோ சிக்கிக்கொள்ளும், நல்ல ரத்தம் கீழே இறங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதுதான் இதற்குச் சரியான படம். எது வேண்டும், எது வேண்டாம் என்று அறைக்குள் நின்று யார் யோசிக்கிறார்கள்? பாத்திரம், பழைய பாய், அறுந்த செருப்பு, எல்லாவற்றையும் திண்ணையில் கொண்டுபோய்ப் போடுகிறோம். அப்புறம் வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போகிறோம். யாரும் எடுக்காமல் கிடப்பது போகித் தீக்குப் போகிறது. சிறுநீரகமும் இப்படித்தான் வேலை செய்கிறது, ஒரு நாள்கூட விடுப்பு இல்லாமல்.

கைமுட்டி அளவுள்ள ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு நீண்ட நுண்குழாய். அதன் தொடக்கத்தில் நூல்கண்டுபோலச் சுருண்ட ரத்த நுண்குழாய்கள், அவற்றைச் சுற்றி ஒரு கிண்ணம். 1842-இல் இதை விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பௌமானின் பெயரே கிண்ணத்துக்கு நிலைத்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் இங்கே வருகிறது. இதயம் அனுப்பும் மொத்த ரத்தத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குகூடத் தேறாத உறுப்புக்கு இது பெரிய ஒதுக்கீடுதான். உள்ளே வரும் ரத்தக்குழாயைவிட வெளியே போகும் குழாய் குறுகலானது. அதனால் சுருளுக்குள் அழுத்தம் ஏறி, ரத்தத்தின் நீர்ப்பகுதி கிண்ணத்துக்குள் பிதுங்கி இறங்குகிறது. நம் உடலில் உள்ள ரத்த நீர் மூன்று லிட்டர்தான். அந்த மூன்று லிட்டரே ஒரு நாளில் அறுபது முறை திண்ணைக்கு வந்து போகிறது.

பீரோவும் கட்டிலும் மட்டும் நகர்வதில்லை. ரத்த அணுக்கள், ஆல்புமின் போன்ற பெரிய புரதங்கள் எல்லாம் சல்லடையில் நுழையாமல் ரத்தத்திலேயே நின்றுவிடும். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும்போது 'யூரின்ல உப்பு இருக்கு' என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். சாப்பாட்டு உப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இந்த ஆல்புமினைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் சல்லடை பழுதாகிக் கட்டில் வெளியே வருகிறது என்றால் அலட்சியம் கூடாது. சிறுநீரில் அடங்காமல் நிற்கும் நுரைக்கும் இந்தப் புரதம் காரணமாக இருக்கலாம்.

கிண்ணத்தைத் தாண்டியதும் சாமானை உள்ளே எடுக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. குழாயின் முதல் பகுதியிலேயே நீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும். சர்க்கரையைப் பொறுத்தவரை சிறுநீரகம் மகா கஞ்சன். ஒரு நாளில் திண்ணைக்கு வரும் குளுக்கோஸ் கிட்டத்தட்ட 180 கிராம். ஏறக்குறைய அத்தனையும் ரத்தத்துக்கே திரும்பும். குழாய்ச் சுவரில் இருக்கும் சில புரதங்கள்தான் இதைத் தூக்கிப் போகும் சுமைக்காரர்கள். அவர்கள் எண்ணிக்கைக்கும் ஓர் அளவு உண்டு. ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சுமை கைமீறுகிறது, மிச்சம் சிறுநீரில் போகிறது. சர்க்கரை வியாதிக்காரரின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதாகப் பழைய வைத்தியர்கள் கவனித்தது இதைத்தான். இப்போது அதே சுமைக்காரர்களில் சிலரை வேண்டுமென்றே உட்காரவைத்து, சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும் மாத்திரைகள் வந்துவிட்டன. இந்த மாத்திரைகளுக்கு மூதாதை, 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கசப்புப் பொருள்.

சரி, 180 லிட்டரை வெளியே கொட்டி, 178-க்கும் மேல் திரும்ப அள்ளுவது வெட்டிவேலை இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கழிவை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் உலகத்தில் உள்ள ஒவ்வொரு நஞ்சையும் சிறுநீரகம் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த முறையில் அந்தத் தொல்லையே இல்லை. வேண்டியவற்றின் பட்டியல் மட்டும் போதும். பட்டியலில் இல்லாத புதுப்பொருள் சல்லடையைத் தாண்டிவிட்டால், பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும்.

சிலவற்றை அவ்வளவு நேரம் காத்திருக்காமல், குழாயின் சுவர் ரத்தத்திலிருந்து தானே பிடித்து வெளியே தள்ளும். பென்சிலின் அப்படிப்பட்டது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்த மருந்து போடப்பட்டது. உடல் தேறிவந்தது. ஆனால் மருந்து கையிருப்பு மிகக் குறைவு, அவருடைய சிறுநீரகமோ கொடுக்கக் கொடுக்க வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பென்சிலினை மறுபடி பிரித்து அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்துபோனது, மார்ச்சில் அவர் இறந்துவிட்டார்.

மீதமிருக்கும் நீரை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது கடைசிக் கட்டத்தில் முடிவாகிறது. குழாய் ஓரிடத்தில் கொண்டை ஊசிபோல வளைந்து சிறுநீரகத்தின் ஆழத்துக்குப் போய்த் திரும்புகிறது. ஹென்லே வளைவு என்று இதற்குப் பெயர். இது உப்பை வெளியே இறைத்து இறைத்து, அந்த ஆழப்பகுதியை ரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை செறிவாக்கி வைத்திருக்கிறது. சேகரிக்கும் நாளம் அந்த உப்பங்காட்டின் நடுவேதான் இறங்கிப் போகிறது. உடலில் நீர் குறைந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசின் என்ற ஹார்மோனை விடும். நாளத்தின் சுவரில் நீருக்கென்று இருக்கும் நுண்வாசல்கள் திறக்கும், வெளியே உள்ள உப்பு, நாளத்திலிருக்கும் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பேருந்தில் போய் இறங்கும் நாளில் சிறுநீர் கொஞ்சமாகவும் அடர்மஞ்சளாகவும் வருவது இதனால்தான். மது இந்த ஹார்மோனை அடக்கிவிடும். குடிக்கிறவர் அடிக்கடி எழுந்து ஒதுங்குவதும், காலையில் நாக்கு வறண்டு எழுவதும் அதன் கணக்கில்தான் சேரும்.

இவ்வளவு திறமையிருந்தும் கடல்நீரின் உப்பை நம் சிறுநீரகத்தால் சமாளிக்க முடியாது. குடித்த கடல்நீரின் உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிக நீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும். நடுக்கடலில் தத்தளிப்பவர் அதைக் குடித்தால் தாகம் இன்னும் கூடுமே தவிர அடங்காது.

அப்புறம் நடப்பதெல்லாம் குழாய் வேலைதான். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர் நாளங்கள் சுருங்கி விரிந்து பைக்குள் தள்ளும். பை பாதியளவு நிறையும்போதே மூளைக்குத் தகவல் போய்விடும்.

நெஃப்ரான்கள் பெருமளவு பழுதானால் டயாலிசிஸ். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், 1943-இல் வில்லம் கோல்ஃப் என்ற மருத்துவர் சாசேஜ் செய்யப் பயன்படும் செல்லோபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி முதல் இயந்திரத்தைச் செய்தார். ஆரம்பத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். 1945-இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார். இன்றைய இயந்திரமும் சல்லடைதான், திரும்ப அள்ளத் தெரியாது. அதனால் உடலுக்கு வேண்டிய உப்புகளைச் சரியான அளவில் முன்கூட்டியே அதன் திரவத்தில் கலந்து வைக்கிறார்கள். வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் அது ஓடும்.

நெஃப்ரான் தன் கடைசிக் கட்டத்தில் வெளியே தள்ளிவந்த பொட்டாசியம்தான் இடைப்பட்ட நாட்களில் பெரிய கவலை. ரத்தத்தில் அது கொஞ்சம் அதிகமாக ஏறினாலே இதயத் துடிப்பு தடுமாறும். அதனால்தான் நமக்கு நல்லதென்று வாங்கிக் கொடுக்கும் இளநீர் இந்த நோயாளிகளுக்கு ஆகாது. டயாலிசிஸ் செய்கிறவர் இருக்கும் வீட்டில் உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத்தான் தாளிப்பார்கள். நெஃப்ரான் கடைசிக் கட்டத்தில் செய்துவந்த வேலையில் ஒரு பங்கு, இப்போது அந்தச் சமையலறைத் தொட்டியருகே நடக்கிறது.