‘ஃபிரெண்ட்லி ஃபயர்’: பொருளும் வரலாறும் தமிழ்ச் சொல்லும்

போர்ச் செய்திகளில் ‘நட்புத் தாக்குதல்’ என்றும் ‘நட்புரீதியான துப்பாக்கிச் சூடு’ என்றும் அவ்வப்போது எழுதப்படுகிறது. ‘ஃபிரெண்ட்லி ஃபயர்’ என்னும் ஆங்கிலப் படைத்துறைத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் பிறந்த வடிவங்கள் இவை. முதன்முறை படிப்பவருக்கு இவற்றிலிருந்து நடந்தது இன்னதென்று விளங்காது. இறந்த வீரரின் வீட்டார் படித்தால் மனம் புண்படும். ஒரு படை, எதிரியைத் தாக்குவதாக எண்ணித் தன் வீரர்களையோ, தன்னோடு சேர்ந்து போரிடும் நேச நாட்டு வீரர்களையோ தாக்கிவிடுவதையே இத்தொடர் குறிக்கிறது. சுடுபவர் சுட நினைத்தே சுடுகிறார். எதிரே இருப்பவர் யார் என்பதிலோ, இலக்கு எங்கே என்பதிலோதான் பிழை நேர்கிறது. ஆகவே கைதவறி வெடித்த துப்பாக்கியும், மேலதிகாரி மீதுள்ள வெறுப்பால் வேண்டுமென்றே செய்த கொலையும், சண்டைக்கு நடுவில் சிக்கிய பொதுமக்களின் சாவும் இச்சொல்லுக்குள் அடங்கா.

ஆங்கிலப் படைவழக்கில் ‘ஃபிரெண்ட்லி’ என்பதற்கு அன்பு, தோழமை என்ற பொருளே கிடையாது. ‘பகைத்தரப்பு’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக, ‘நம் தரப்பைச் சேர்ந்த’ என்ற அளவில்தான் அது வழங்குகிறது. ‘ஃபிரெண்ட்லீஸ்’ என்று பன்மையில் சொன்னால் நம்மவர்கள் என்று பொருள். பழந்தமிழில் இதற்கு நேரான சொல் ‘தமர்’. தமர் என்போர் நண்பர்களாக இருக்க வேண்டியதில்லை. தம்மைச் சேர்ந்தவர்களாக இருந்தால் போதும். இந்தத் தொடர் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினரிடம் வழங்கியது. அப்போரில் சொந்தப் படையின் பீரங்கிக் குண்டுக்கு மகனைப் பலிகொடுத்த ஐயோவா மாநிலப் பெற்றோர் உண்மையைக் கேட்டு நடத்திய போராட்டம் 1970களில் வெளியே தெரிந்த பிறகு, இது பொதுமக்கள் பேச்சிலும் பரவியது. பிரித்தானியப் படையினர் ‘புளூ ஆன் புளூ’ என்பார்கள்; நேட்டோ பயிற்சி வரைபடங்களில் தம் படையை நீலத்தாலும் எதிரியைச் சிவப்பாலும் குறிக்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. அமெரிக்க இராணுவ ஆவணங்களில் காணப்படும் ‘ஃபிராட்ரிசைடு’, உடன்பிறந்தானைக் கொல்லுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது.

களத்தில் தமரையும் பகைவரையும் பிரித்தறியும் தேவை தமிழுக்குப் புதிதன்று. பகைவேந்தரிடையே தம்மவர் இன்னார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே சேரர் பனம்பூவையும் பாண்டியர் வேம்பையும் சோழர் ஆத்தியையும் சூடினார்கள் என்று தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்கிறது. சோழர் இருவர் தமக்குள் மோத நின்றபோது, ‘உன் கண்ணியும் (தலையில் சூடும் மாலையும்) ஆத்தி, உன்னை எதிர்ப்பவன் கண்ணியும் ஆத்தி’ என்று கோவூர் கிழார் இடித்துரைத்ததன் வலிமை இந்த வழக்கத்தை அறிந்தால்தான் முழுமையாகப் புரியும்.

பிற்காலப் படைகள் பூவுக்குப் பதிலாக வண்ணப் பட்டைகளையும் மின்னணுக் குறிகளையும் பயன்படுத்தின. 1943 ஜூலை 11 இரவு சிசிலியின் மேல் பாராசூட் வீரர்களை ஏற்றிவந்த 144 அமெரிக்க விமானங்களில் 23 விமானங்களைச் சொந்தக் கப்பல்களும் கரைப் பீரங்கிகளும் சுட்டு வீழ்த்தின. மறு ஆண்டு நார்மண்டி தரையிறக்கத்தின்போது நேச நாட்டு விமானங்களின் இறக்கைகளில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டதற்கு அந்த இரவின் பாடமே காரணம். அடையாளம் இருந்தும் பயனற்றுப் போவதுண்டு. 2003 மார்ச் 28 அன்று ஈராக்கின் பஸ்ரா அருகே சென்ற பிரித்தானியக் கவச வண்டிகளின் மேல் நேசப் படையின் அடையாளமான ஆரஞ்சு நிறப் பலகைகள் இருந்தன. மேலே பறந்த அமெரிக்க விமானிகள் அவற்றை ஏவுகணைகள் என்று கருதிச் சுட்டார்கள். ஒரு வீரர் இறந்தார். விமானத்தில் பதிவான உரையாடல் 2007இல் நாளிதழ் ஒன்றின் வழியாகவே வெளிவந்தது. அந்த விமானிகள் வராமலேயே நடந்த இறப்பு விசாரணையில், அது சட்டவிரோதமான கொலை என்று ஆக்ஸ்ஃபோர்டு விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

இச்சொல்லின் முழுப் பொருளையும் ஒரே நிகழ்வில் காண வேண்டுமானால் காந்தஹார் அருகேயுள்ள தார்னக் பண்ணையைத்தான் நான் காட்டுவேன். 2002 ஏப்ரல் 18 அன்று, உள்ளூர் நேரப்படி விடியுமுன், கனடா வீரர்கள் அங்கே உண்மையான தோட்டாக்களைக் கொண்டு இரவுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நீண்ட ரோந்து முடிந்து அவ்வழியே திரும்பிய இரண்டு அமெரிக்க எஃப்-16 விமானங்களுக்கு அந்தப் பயிற்சி பற்றிய செய்தி எட்டவில்லை. தரையில் தெரிந்த வெளிச்சம் தம்மை நோக்கிச் சுடுவதால் எழுவது என்று எண்ணிய விமானி ஒருவர் சுட அனுமதி கேட்டார். கட்டுப்பாட்டு விமானம் முதலில் பொறுக்கச் சொன்னது, பிறகு சுட வேண்டாம் என்றது. அவரோ தற்காப்புக்காகத் தாக்குவதாக அறிவித்து, லேசரால் வழிநடத்தப்படும் 500 பவுண்டு குண்டு ஒன்றைப் போட்டார். கீழே இருப்பவர்கள் ‘ஃபிரெண்ட்லீஸ்’ என்ற சொல் வானொலியில் ஒலித்தபோது குண்டு விழுந்து முடிந்திருந்தது. நால்வர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஆப்கானிஸ்தானில் கனடா இழந்த முதல் வீரர்கள் அந்த நால்வரே.

கனடா தனியாக ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இரு நாடுகளும் சேர்ந்தும் விசாரித்தன. விமானிகள் மீது முதலில் மரணம் விளைவித்த குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. குண்டு போட்ட விமானி கடமை தவறினார் என்று 2004இல் முடிவு செய்யப்பட்டு, கடும் கண்டனக் கடிதமும் சுமார் 5,700 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. இறந்தவர்கள் ஒரு நாட்டினராகவும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மற்றொரு நாட்டின் படைக்கு உரியதாகவும் இருக்கும்போது, குடும்பங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிக்கைகள் மட்டுமே. இதை எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘நட்பு’ என்பது நள்ளுதல், அதாவது உள்ளத்தால் நெருங்குதல் என்னும் வேரிலிருந்து வந்தது. தெரியாத ஒருவரின் மேல் விழும் குண்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ‘சகோதரக் கொலை’ என்று மொழிபெயர்ப்பதிலும் இடர் உண்டு: ஈழத் தமிழில் 1980களில் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்ததைச் ‘சகோதரப் படுகொலை’ என்று குறிப்பது நிலைபெற்றுவிட்டது, அவை தெரிந்தே செய்யப்பட்ட கொலைகள். குறள் கூறும் ‘உட்பகை’யும் பொருந்தாது; அதற்கு உள்ளே கரந்த பகை வேண்டும். ‘சூடு’ என்பது துப்பாக்கிக்குப் பொருந்தும், விமானக் குண்டுக்கும் ஏவுகணைக்கும் போதாது.

ஆகவே, தாக்கியது சொந்தப் படையானால் ‘தன்படைத் தாக்குதல்’ என்றும், கூட்டாளி நாட்டின் படையானால் ‘நேசப்படைத் தாக்குதல்’ என்றும் எழுதுவதே சரி என்பது என் கருத்து. ‘நேச நாடுகள்’ என்ற வழக்கு இரண்டாம் உலகப் போர்க் காலம் முதல் நமக்குப் பழகியது. எனவே இரண்டாவது தொடர் எவருக்கும் அயலாகப் படாது. தார்னக் பண்ணையில் நடந்தது நேசப்படைத் தாக்குதல். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் இந்திய விமானப்படையின் ஏவுகணை, அப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரையே வீழ்த்தி, ஆறு விமானப்படையினரும் ஊர்க்காரர் ஒருவரும் இறந்தது தன்படைத் தாக்குதல். அதைப் பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே பின்னர் ஒப்புக்கொண்டார். ‘ஹெலிகாப்டர் தவறுதலாகச் சுட்டு வீழ்த்தப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் சுட்டவர் யார் என்பது வாக்கியத்திலிருந்தே காணாமற்போகிறது. ‘தன்படைத் தாக்குதலில் ஹெலிகாப்டர் வீழ்ந்தது’ என்று எழுதினால், அதே அளவு இடத்தில், அது தெரிந்துவிடுகிறது.