மாதக் கடைசி இரவின் பீப்பாய்க் கணக்கு

மாதக் கடைசி இரவு, மணி பன்னிரண்டை நெருங்குகிறது. டெக்சாஸ் கடற்கரையோரம் ஒரு சுத்திகரிப்பு ஆலை. கச்சா எண்ணெய்த் தொட்டியின் உச்சியில் நின்று ஒருவர் அளவு நாடாவை இறக்குகிறார். நுனியில் தடவிய பசை எந்த உயரம்வரை நிறம் மாறுகிறதோ அதுவரை தண்ணீர். அதற்கு மேல் எண்ணெய். உயரத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டவர், குளிர்காற்றுக்குப் பயந்து, வெப்பநிலையை மட்டும் மாலைச் சீட்டைப் பார்த்து எழுதிவிட்டு இறங்கிவிட்டார். இடையில் ஒரு கப்பலின் சரக்கு அந்தத் தொட்டியில் ஏறியிருந்தது அவர் நினைவுக்கு வரவில்லை.

எண்ணெய் சூட்டில் பெருகும். அதனால் அமெரிக்கச் சுங்கத்துக்கு 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் திருத்திய அளவே பீப்பாய். பத்து டிகிரி பிசகினால் ஒரு லட்சம் பீப்பாய்க்கு 400, 500 பீப்பாய் கூடியோ குறைந்தோ தெரியும். சுங்க ஆலோசகன் என்ற முறையில் எண்ணெய் கடத்துபவரை நான் இன்னும் சந்தித்ததில்லை. இத்தகைய சீட்டுகளை மாதந்தோறும் சந்திக்கிறேன்.

1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தவை அமெரிக்காவின் வெளிநாட்டு வணிக மண்டலங்கள். ஆலை அப்படியொரு துணை மண்டலமாக இருந்தால், இறக்குமதியான கச்சா எண்ணெய்க்கு வந்த அன்றே சுங்க வரி கட்ட வேண்டாம். பொருளாகி வெளியே போகும்போது கட்டினால் போதும். ஏற்றுமதியானால் வரியே இல்லை. விகிதம் சிறியதுதான்: ஏபிஐ (எண்ணெயின் கனத்தைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் கனம் கூடும்) 25 டிகிரிக்குக் குறைந்த கனமான கச்சாவுக்குப் பீப்பாய்க்கு 5.25 செண்ட், மற்றதற்கு 10.5 செண்ட். பெட்ரோலாக இறக்குமதி செய்தால் 52.5 செண்ட். ஆகவே உலைக்குள் போகுமுன்பே 'பிரிவிலெஜ்டு ஃபாரின்' (சலுகை பெற்ற வெளிநாட்டுச் சரக்கு) என்ற தகுதி கேட்டு, கச்சாவின் விகிதத்தைப் பூட்டிவிடுவார்கள். பூட்டியபின் திறக்க முடியாது. எண்ணெய் என்னவாக மாறினாலும் அந்த விகிதம் கூடவே வரும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஐந்து நாட்டு எண்ணெய் ஒரே தொட்டியில் கலந்தபின், குழாயில் வரும் விமான எரிபொருள் எந்தக் கப்பலுடையது? கடவுளுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு, 42 கேலன் கச்சா உள்ளே போனால் ஏறத்தாழ 45 கேலன் பொருள் வெளியே வருகிறது. நெல்லைக் குத்தினால் அரிசி குறையும், இங்கே பெருகும். வேறு துறையிலிருந்து வரும் கணக்கர்கள் முதல் மாதம் இதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார்கள்.

எனவே சட்டம் மூலத்தைத் தாளில் காட்டச் சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மிகாத உற்பத்திக் காலத்தை ஆலை தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெளியேறிய, ஆலைக்குள்ளேயே எரிந்த ஒவ்வொரு பொருளுக்கும் மூலக் கச்சாவைக் குறிக்க வேண்டும். எந்த வகைக் கச்சாவிலிருந்து எந்தப் பொருள் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு 1966இல் சுங்கத்துறை வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. அல்லது உண்மையான உற்பத்திப் பதிவுகளையே ஆதாரமாகக் காட்டலாம்.

வரியை விலை விகிதப்படி பிரிப்பார்கள். கணக்குக்காக, பூட்டிய கச்சா 20,000 பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பீப்பாய் 100 டாலர் விலையுள்ள விமான எரிபொருள் 10,000. 50 டாலர் விலையுள்ள உலை எண்ணெய் 10,000. மொத்த மதிப்பு 15 லட்சம் டாலர். கச்சாவின் ஒரு பீப்பாய்க்கு 75 டாலர். விமான எரிபொருள் ஏற்றுமதியானால் 13,333 பீப்பாய் கச்சா அதனோடு போய்விடுகிறது. உள்நாட்டில் விற்ற உலை எண்ணெய்க்கு மீதி 6,667 பீப்பாய், 10.5 செண்ட் வீதம் 700 டாலர் வரி. சரிபாதியாகப் பிரித்தால் 1,050 டாலர் கட்டியிருப்பீர்கள். விலைப்பட்டியல் எந்த மாதத்துடையது என்று அதிகாரி ஏன் துருவித் துருவிக் கேட்கிறார் என்பது இப்போது புரியும்.

நான் பார்த்ததில் மோசமான பிழை: இன்னும் உலைக்குள் செலுத்தப்படாத கச்சாவின் பெயரில் பொருளை எழுதுவது. கப்பல் 30ஆம் தேதி வந்தது, சரக்கை மண்டலத்துக்குள் அனுமதிக்கக் கோரும் படிவம் 214 தயார், கணினியில் இருப்பு ஏறிவிட்டது. அந்த மாத ஏற்றுமதிக்கு அதையே மூலமாகக் காட்டிவிட்டார்கள். எண்ணெயோ தொட்டியில் அசையாமல் கிடக்கிறது. வரவுத் தேதி வேறு, செலுத்திய தேதி வேறு. இரண்டையும் தனித்தனியே பதியாத மென்பொருளை நான் நம்புவதில்லை, விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கப்பல் வந்த நாளிலிருந்து அல்ல, சரக்கு மண்டலத்தைவிட்டு வெளியேறியதிலிருந்து.

மீண்டும் அந்த இரவுக்கு வருகிறேன். ஒரு தொகுதியில் 1 சதவீதமோ மேலோ குறைந்து, அதற்கான வரி 100 டாலரையும் எட்டினால் கண்டவுடன் சுங்கத்துக்கு எழுத வேண்டும் என்பது விதி. 10.5 செண்ட் கணக்கில் 950 பீப்பாய்க்கு மேல் காணாமல் போனால்தான் 100 டாலர். ஆகவே ஒரு வெப்பநிலைச் சீட்டு தனியாக யாரையும் எழுப்பாது. அதே குறுக்குவழி பல மாதங்கள் நடந்திருந்தது. ஆண்டு முடிந்து 90 நாளுக்குள் தயாரிக்க வேண்டிய சரிபார்ப்பில்தான் மொத்தமாக வெளிப்பட்டது. நாங்களே முந்திக்கொண்டு கடிதம் எழுதினோம். விசாரணை தொடங்குமுன் தானாகச் சொன்னால், கவனக்குறைவுக்கு வட்டியோடு போகும்; இல்லையென்றால் இழந்த வரியைப் போல் இரு மடங்குவரை அபராதம் விதிக்கலாம். தொகையைவிட, மண்டல அனுமதியையே நிறுத்திவைக்கும் அதிகாரம் அவர்களிடம் இருப்பதுதான் நிர்வாகத்தைத் தூங்கவிடவில்லை.

அந்த ஆலையின் அளவுச் சீட்டில் வெப்பநிலைக்கு எதிரே இப்போது ஒரு சிறு கட்டம் கூடுதலாக இருக்கிறது: எத்தனை மணிக்கு எடுத்தது.