காய்ச்சல் என்று வரும் ஊசி

புட்டுக்கு மா குழைக்கும்போது உப்பைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுவோம். வெறும் உப்பைத் தூவிக் கிளறினால் ஒரு வாய் கரிக்கும், அடுத்த வாய் சப்பென்று இருக்கும். ஹெரோயினிலும் இதே கதைதான். கைமாறும் இடமெல்லாம் அளவைக் கூட்ட வேறு தூள் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் பரசிட்டமோலும் கஃபீனும். ஹெரோயினைப் போலவே இவையும் கைப்பதால் நாக்குக்குப் பிடிபடாது. உலர்ந்த தூள்கள் சீராகக் கலக்காததால், ஒரே பொட்டலத்தில் நேற்று எடுத்த சிட்டிகையை நம்பி இன்று எடுக்கிறவருக்கு மூச்சே நின்றுவிடலாம்.

யாழ்ப்பாணத்தில் பொடியன்கள் ஊசிக்கு மாறுவதுதான் எனக்குப் பெரிய பயம். விழுங்கும் பொருளைக் குடலும் ஈரலும் ஓரளவு வடிகட்டும். கைநாளத்தில் ஏற்றுவது நேரே இருதயத்தின் வலப்பக்கம் வந்து, அங்கே கதவுபோல் திறந்து மூடும் முக்கூர் வால்வைக் கடந்து நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையைப் பொடித்து ஏற்றினால் அதில் சேர்த்திருக்கும் டல்க் என்ற கல்தூள் கரையாது. சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7 மைக்ரோமீற்றர். நுரையீரலின் மயிர்க்குழாய்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிவப்பணு நெளிந்து நுழைந்துவிடும், டல்க் துணிக்கைக்கு நெளியத் தெரியாது. சிக்கிய இடத்தில் தழும்பு கட்டும், நாளடைவில் நாலு படி ஏறவே மூச்சு வாங்கும்.

இதைவிட அவசரமானது வால்வு. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி ஊசிமுனையோடு உள்ளே போய், வால்வில் ஒட்டிக்கொண்டு பூக்கோவா மாதிரிக் கொத்தாக வளரும். கொத்திலிருந்து உடையும் துண்டுகள் நுரையீரலில் போய்ச் சீழ் கட்டும்.

வீட்டுக்காரருக்குத் தெரிவதோ காய்ச்சலும் இருமலும். டெங்குவாக்கும் என்று நினைப்பார்கள். கையில் கிடைத்த அன்டிபயோட்டிக்கை இரண்டு நாள் கொடுப்பார்கள். காய்ச்சல் இறங்கும், அப்புறம் திரும்பி வரும். அந்த இரண்டு நாள் மருந்தால், குருதியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் அது அகப்படாமலே போகலாம்.

"என்ர பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்று அம்மா சொல்வது வெட்கத்தால், அது விளங்குகிறது. ஆனாலும் முதல் நாளே வைத்தியரிடம் "இவன் ஊசி போடுறவன்" என்று சொல்லிவிடுங்கள். மருந்து தொடங்கமுன் குருதி எடுப்பார்கள், எக்கோ என்ற இருதய ஸ்கான் செய்து வால்வைப் பார்ப்பார்கள். நேரத்தோடு பிடித்தால், வழக்கமாக 4 முதல் 6 வாரம் வரை நாளத்தின் வழியே மருந்து ஏற்றிப் பலரைக் காப்பாற்ற முடிகிறது.