பாம்பெய் பேக்கரியில் மாவு அரைத்த விதம்

பழைய ரோமில் நெடுங்காலம் ரொட்டிக் கடை என்ற ஒன்றே கிடையாது. மாவு அரைப்பதும் ரொட்டி சுடுவதும் வீட்டுப் பெண்களின் வேலை. கி.மு. 171-இல் மாசிடோனிய மன்னர் பெர்சியூஸுடன் போர் மூளும்வரை நகரத்தில் தொழில்முறை ரொட்டிக்காரர்களே இல்லை என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். அதே பிளினி கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். அந்த வெடிப்பில் புதைந்த பாம்பெய் நகரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பேக்கரிகள் இருந்தன. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டில் வீட்டு வேலை ஒன்று முழுத் தொழிலாகிவிட்டது.

பேக்கரி என்றதும் அடுப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் ரோமானிய பேக்கரியில் பெரும்பாடு மாவு அரைப்பதுதான். மாவு மில் தனியாக, ரொட்டிக் கடை தனியாக என்ற பிரிவு அப்போது இல்லை. கோதுமை மூட்டையாக உள்ளே போகும், ரொட்டியாக வெளியே வரும்.

அரைக்கும் எந்திரம் இரண்டே கல். அடியில் கூம்பு வடிவக் கல் ஒன்று, அசையாமல் மேடைமேல் பதிந்திருக்கும். அதன்மேல் கவிழ்ந்து நிற்கும் கல், இடுப்பு ஒடுங்கிய பெரிய உடுக்கை போல இருக்கும். உடுக்கையின் மேல் பாதி, கோதுமை கொட்டும் வாய். கீழ்ப் பாதி, கூம்புக்குத் தொப்பி. ஒடுங்கிய இடுப்பில் இரண்டு பக்கமும் துளை போட்டு மரச் சட்டம் மாட்டி, அதில் கழுதையையோ கோவேறு கழுதையையோ கட்டிச் சுற்ற விடுவார்கள். கோதுமை இடுப்பு வழியே மெல்ல இறங்கி, இரண்டு கல்லுக்கும் நடுவே சிக்கி உடைந்து, மாவாகி விளிம்பில் உதிரும். உதிரும் மேடைக்குப் பல இடங்களில் ஈயத் தகடு அடித்திருந்தார்கள். ஈயம் விஷம் என்று யோசிக்க வேண்டாமா என்று இன்று நமக்குத் தோன்றும்.

இதில் சூட்சுமம் மேல்கல்லின் எடையில் இருக்கிறது. அவ்வளவு கனத்தையும் கூம்பின்மேல் அப்படியே உட்கார வைத்தால் கல்லோடு கல் உரசி இறுகிவிடும், கழுதையால் நகர்த்த முடியாது. அதனால் கூம்பின் உச்சியில் ஓர் இரும்பு முளை வைத்து, அதன்மேல் மரச் சட்டத்தோடு மேல்கல்லைத் தாங்க விட்டார்கள். கல் கிட்டத்தட்ட தொங்கியபடி சுற்றும். தாங்கும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் இடைவெளி அகன்று மாவு கொரகொரப்பாகும், குறைத்தால் நைசாகும். கல்லும் சாதாரணக் கல் இல்லை. எரிமலைக் குழம்பு இறுகிய, துளைகள் நிறைந்த பாறை. மேற்பரப்பு தேயத் தேயப் புதுத் துளைகள் திறந்து புது விளிம்பு கிடைத்துக்கொண்டே இருக்கும், கல் மழுங்காது. இந்தப் பாறைக்காக வடக்கே தொலைவில் இருக்கும் ஒர்வியேத்தோ பக்கத்திலிருந்துகூட எந்திரக்கல் தருவித்திருக்கிறார்கள். தேய்ந்த தூள் எங்கே போகும்? ரொட்டியோடு வயிற்றுக்குத்தான்.

அப்புறம் சலித்து, பிசைய வேண்டும். பெரிய பேக்கரிகளில் பிசையவும் எந்திரம் உண்டு: கல் தொட்டி, நடுவே சுழலும் மரத்தண்டு, தண்டில் கைகள். தொட்டிச் சுவரின் துளைகளில் குறுக்குக் கட்டைகளைச் செருகிவிடுவார்கள். இல்லாவிட்டால் மாவு மொத்தமும் தண்டோடு சேர்ந்து சும்மா சுற்றும், பிசைபடாது.

அடுப்பு செங்கல் குவிமாடம். உள்ளேயே தீ மூட்டி, செங்கல் நன்றாகச் சூடேறியதும் சாம்பலைத் தள்ளிவிட்டு, நீளத் துடுப்பால் ரொட்டியை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். ரொட்டி வேகும் நேரத்தில் தீயே இருக்காது. செங்கல் சேமித்த சூடுதான் வேலை செய்யும். மோதெஸ்துஸ் பேக்கரி என்று அழைக்கப்படும் இடத்தில் 1862-இல் அடுப்பைத் திறந்தபோது 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே இருந்தன. வட்டமாக, எட்டுத் துண்டாகப் பிய்க்கத் தோதாக மேலே கீறல் போட்ட ரொட்டிகள். பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியில் முத்திரையே இருக்கிறது: குயின்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை கெலெருடையது என்று.

அடிமையின் பெயர் வந்துவிட்டது, சரி, அந்தப் பக்கம் போவோம். 2023-இல் பாம்பெயின் ஒன்பதாம் பகுதியில் ஒரு வீட்டைத் தோண்டினார்கள். ஒரு பாதி, சுவரோவியங்கள் தீட்டிய வசதியான வீடு. மறு பாதி பேக்கரி. பேக்கரியிலிருந்து தெருவுக்கு வாசல் இல்லை, வீட்டுக் கூடம் வழியாகத்தான் வர வேண்டும். சின்னச் சின்ன ஜன்னல்கள், அவற்றில் இரும்புக் கம்பி. தரையில் பாவிய கல்லில் வட்டமாகக் குழிகள் செதுக்கியிருக்கிறார்கள், மணிக்கணக்காகச் சுற்றும் விலங்கு வழுக்காமலும், அடுத்தடுத்த எந்திரங்களைச் சுற்றும் விலங்குகள் மோதாமல் அடி ஒத்துப்போகவும். கண்ணைக் கட்டிய கழுதைக்குக் கால்தான் வழிகாட்டி. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அபுலேயுஸ் தன் கதையில் இப்படியொரு மாவு மில்லைக் காட்டுகிறார்: காலில் விலங்கு, நெற்றியில் சூட்டு எழுத்து, உடலெங்கும் மாவு படிந்த அடிமைகள். பாம்பெயின் அந்த வீட்டில் எஜமானின் வசதியான பாதிக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

இந்தத் தொழிலில் பணம் பார்த்தவர்களும் உண்டு. கி.மு. 30 வாக்கில் ரோமில் யூரிசாசேஸ் என்ற ரொட்டிக்காரர் தனக்கு எழுப்பிய கல்லறை இன்றும் போர்ட்டா மஜ்ஜோரே வாசல் அருகே நிற்கிறது. அதன் மேல்வரிசைச் சிற்பத்தில் கழுதை சுற்றுகிறது, ஆட்கள் சலிக்கிறார்கள், உருட்டுகிறார்கள், அடுப்பில் வைக்கிறார்கள், கடைசியில் தராசில் நிறுக்கிறார்கள். அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. மனைவி அதிஸ்தியாவின் எச்சம் ‘இந்த ரொட்டிக்கூடையில்’ இருப்பதாக அங்கே கல்வெட்டு சொல்கிறது.

தண்ணீரால் சுற்றும் எந்திரக்கல்லை ரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விவரித்துவிட்டார். ஆனாலும் நகரங்கள் கழுதையை விடவில்லை. பேரரசர் கலிகுலா அரண்மனைச் சாமான்களை கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக்கு ஏற்றிப்போக பேக்கரி விலங்குகளைப் பிடித்துக்கொண்டபோது, ரோமில் ரொட்டிக்கே தட்டுப்பாடு வந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூதோனியஸ் குறித்திருக்கிறார்.