அசைய வேண்டியது யார்?

குழந்தை ஒரு வயதாகியும் உட்காரவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது எண்ணெய்க் கிண்ணம். பாட்டி காலை நீட்டி அமர்ந்து, பேரனை அதன்மேல் கிடத்தி நீவிவிடுவார். இதமான காரியம்தான், பிள்ளை நன்றாகத் தூங்கும். ஆனால் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைக்கு அதனால் நடை வராது. பிசியோதெரபியையும் இதன் ஆஸ்பத்திரி வடிவமாகவே பலர் நினைக்கிறார்கள்: குழந்தை படுத்திருக்கும், தெரபிஸ்ட் கைகாலை மடக்கி நீட்டுவார். தெரபிஸ்ட் அசைத்தால் போதுமா, குழந்தை அசைய வேண்டுமா?

பெருமூளை வாதத்தில் பழுது காலில் இல்லை, மூளையில். பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்பட்ட அந்தச் சேதம் பிறகு பெருகுவதில்லை. பெருகுவது விளைவுதான். தசையை அடக்கிவைக்கும் மூளையின் கட்டளைகள் குறைந்துபோவதால், லேசாக இழுபட்டாலே அது வெடுக்கென்று இறுகுகிறது. எலும்பு வளர்கிறது, கெண்டைக்கால் தசை ஈடுகொடுக்க முடியாமல் குட்டையாகிறது. குதிகால் தரையில் படாமல் பிள்ளை நுனிக்காலில் நடப்பது இதனால்தான்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகளிடம் இதைவிடச் சுவாரசியமான ஒன்று நடக்கிறது. பிறந்த புதிதில் மூளையின் ஒவ்வொரு பாதியும் இரண்டு கைகளுக்குமே நரம்பிழைகளை அனுப்பியிருக்கும். முதல் ஓரிரு ஆண்டுகளில் அவற்றுக்குள் போட்டி. ஓயாமல் வேலை செய்யும் இழைகள் தண்டுவடத்தில் இடம்பிடிக்கும், சும்மாயிருப்பவை பின்வாங்கும். இயல்பாக எதிர்ப்பக்க மூளையிலிருந்து வரும் இழைகள் வெல்லும். இடது மூளை பழுதானால் வலக்கைக்கு வரும் இழைகள் தோற்கின்றன. கை தடுமாறுகிறது, குழந்தை அதை ஒதுக்குகிறது, ஒதுக்க ஒதுக்க இழைகள் இன்னும் மெலிகின்றன.

இந்த ஒதுக்கலைக் குரங்குகளிடம் கண்டவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். உணர்வு நரம்பு துண்டிக்கப்பட்ட கையைக் குரங்கு பயன்படுத்தவே இல்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் பயன்படுத்தியது. அதாவது கையால் முடிந்தது. வேண்டாம் என்று பழகியிருந்தது. அந்தச் சோதனைகள் பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஆனால் இன்றைய ஒரு சிகிச்சை அங்கிருந்துதான் வந்தது. குழந்தையின் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையால் வாரக்கணக்கில் விளையாட விடுகிறார்கள்.

எவ்வளவு விளையாட வேண்டும்? அமெரிக்க உளவியலாளர் கரேன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் இஷ்டம்போல் விளையாடிய ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைத்தன. 17 முறை விழுந்தன. நடை இப்படித்தான் வருகிறது. வாரம் இரண்டு முறை முக்கால் மணி நேர சிகிச்சை இதற்கு எந்த மூலைக்கு? அதனால்தான் நல்ல தெரபிஸ்ட் குழந்தையோடு அம்மாவுக்கும் சேர்த்தே பாடம் எடுக்கிறார். பொம்மையைக் கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில் வைப்பது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது, தானாகத் தடுமாறவிட்டுக் காத்திருப்பது. ‘கையைத் தூக்கு’ என்று இருபது முறை சொல்வதைவிட முறுக்குத் தட்டை நீட்டுவது மேல். நமது நடைவண்டி இந்த விதத்தில் கெட்டிக்காரத்தனமானது: நிற்கத் தொடங்கிய பிள்ளைதான் தள்ளியாக வேண்டும். உட்காரவைத்து உருட்டும் சக்கர வாக்கரில் சமநிலையைக் கற்க வேலையே இல்லை. கனடா 2004இல் விபத்துகளுக்காக அதன் விற்பனையையே தடை செய்தது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் சகாக்களும் சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்கின் நிறங்களில் பிரித்தார்கள். குழந்தையே ஒரு நோக்கத்தோடு செய்யும் பயிற்சிகளுக்குப் பச்சை. குழந்தையைச் சும்மா வைத்து அசைத்துவிடும் பழைய முறைகளுக்குச் சிவப்பு. தசை குட்டையாவதைத் தாமதப்படுத்த மணிக்கணக்கில் அணியும் ஸ்பிளிண்ட் என்ற தாங்குபட்டை, தேவைப்பட்டால் இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி என்று வேறு வழிகளும் உண்டு.

எல்லாரும் நடப்பார்கள் என்று சொல்ல முடியாது. இயக்கத்திறனை ஐந்து நிலைகளாக வகுக்கிறார்கள். மிகக் கடுமையான ஐந்தாம் நிலையில் உள்ள குழந்தைக்கு சிகிச்சையின் இலக்கு நேராக உட்கார்வதும், பாதுகாப்பாக விழுங்குவதும், இடுப்பு மூட்டு விலகாமல் காப்பதும். ‘ஆறு மாதத்தில் நடக்க வைக்கிறோம்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கைக்குழந்தை ஒரு வயதுக்குள்ளேயே எப்போதும் ஒரே கையை நீட்டினால், ‘தாத்தா மாதிரி இடதுகைக்காரன்’ என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த வயதில் கைப்பழக்கம் வருவதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையிலுள்ள ஆரம்ப இடையீட்டு மையத்தில் அப்போதே காட்டிவிடுங்கள்.